தாளுக்கு வயது குறித்தவர்கள்: பெண்ணாடத்துக் கயிறு முதல் தன்பதிவேடு வரை

ஒழுங்கான மேசை என்றதும் நம் மனசுல வர்ற படம் காலியான மேசை. ஒரு பேனா, ஒரு விளக்கு, வேறெதுவும் இல்லை. ஆனால் எழுத்து வேலையே பிழைப்பாக இருந்தவர்களின் வரலாற்றைப் புரட்டினால், அவர்கள் மேசை காலியாக இருந்ததே இல்லை. ஓலைக்கட்டு, பேரேடு, கோப்பு என்று எப்போதும் நிரம்பித்தான் கிடந்தது. அவர்கள் கவலைப்பட்டது வேறு மூன்று விஷயங்களுக்காக. வந்த தாள் வந்ததாக எங்காவது பதிவாகியிருக்கா? தேடினா கிடைக்குமா, அதுவும் நான் இல்லாதப்போ இன்னொருத்தருக்குக் கிடைக்குமா? எத்தனை வருஷம் வெச்சிருக்கணும், எப்போ தூக்கிப் போடலாம்?

இந்த மூன்று கேள்விகளைப் பிடித்துக்கொண்டு நம் ஊர் எழுத்து மேசையின் கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். தொடங்குகிற இடம் பெண்ணாடம்.

கயிறு சாத்திய கதை

கடலூர் மாவட்டத்தில், பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது பெண்ணாடம். ரயிலில் திருச்சி போகிறவர்களுக்கு விருத்தாசலம் தாண்டி வரும் ஒரு நிலையம். சைவர்களுக்கோ அது திருத்தூங்கானை மாடம் என்ற பாடல் பெற்ற தலம், சிவஞானபோதம் தந்த மெய்கண்டார் பிறந்த ஊர்.

மெய்கண்டார் பிறந்ததைப் பற்றி ஒரு மரபுக் கதை உண்டு. பெண்ணாடத்தில் அச்சுதக் களப்பாளர் என்ற வேளாளர் இருந்தார். பிள்ளை இல்லை. குலகுருவான சகலாகம பண்டிதரிடம் போய் என்ன செய்வது என்று கேட்டார். பண்டிதர் தேவாரச் சுவடியை வைத்துப் பூசை செய்து, அதில் கயிறு சாத்திப் பார்க்கச் சொன்னார். அதாவது ஓலைகளுக்கு நடுவே ஒரு கயிற்றை இட்டு, அது விழுந்த இடத்தைப் பிரித்துப் படிப்பது. அங்கே வந்தது திருஞானசம்பந்தரின் திருவெண்காட்டுப் பதிகம். களப்பாளர் தம் மனைவியோடு திருவெண்காடு போய் முக்குளத்தில் நீராடி வழிபட்டார், பிள்ளை பிறந்தது என்பது கதை. அந்தப் பிள்ளைதான் பின்னாளில் திருவெண்ணெய்நல்லூரில் வளர்ந்து மெய்கண்டார் ஆனார். கயிறு சாத்தச் சொன்ன குருவே பிறகு அவருக்குச் சீடராகி அருணந்தி சிவாச்சாரியார் ஆனார். 13ஆம் நூற்றாண்டுச் செய்தி.

பக்தியாகப் படிக்கிறவர்கள் அப்படியே படிக்கட்டும். நான் இங்கே பார்ப்பது அந்தச் சுவடியை. கயிறு எங்கே வேண்டுமானாலும் விழலாம். ஆனா விழுந்த இடம் எந்தத் தலத்துப் பதிகம் என்று உடனே சொல்ல முடிந்ததே, அது எப்படி? ஓலைகள் வரிசை மாறாமல் இருந்தால்தான் அது நடக்கும். கலைந்து கிடக்கிற கட்டில் கயிறு சாத்தினால் அரைப் பாட்டுதான் கிடைக்கும், அது எந்தப் பதிகத்தின் பாதி என்று யாருக்கும் தெரியாது.

ஒரு துளையில் கம்பி, ஒரு துளையில் கயிறு

சுவடி கட்டும் முறையைக் கவனித்தால், கலையாமல் இருப்பதற்கு எவ்வளவு யோசித்திருக்கிறார்கள் என்று தெரியும். ஓலையில் இரண்டு துளை போடுவார்கள். ஒன்றில் கம்பியோ குச்சியோ செருகுவார்கள், அதுக்கு நாராசம் என்று பேர். இன்னொன்றில் கயிறு. கயிற்றின் நுனியில் ஓலைத்துண்டைக் கிளி மூக்கு மாதிரி நறுக்கிக் கட்டியிருப்பார்கள், அது உருவிக்கொண்டு வராமல் தடுக்கும். அதன் பேரே கிளிமூக்குதான். மேலும் கீழும் மரச்சட்டம். ஓரத்தில் தமிழ் எண்ணில் ஏட்டு எண்.

இந்த ஏட்டு எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கயிறு அறுந்து ஓலையெல்லாம் கொட்டினாலும் எண்ணைப் பார்த்துத் திரும்ப அடுக்கிவிடலாம். ஒழுங்கு என்பது அடுக்கில் மட்டும் இல்லை, ஒவ்வொரு தாளின் மேலும் எழுதியிருக்கிறது. அடுக்கு எப்பவாவது கலையத்தான் செய்யும், தாள் மேல் எழுதினது தாளோடு போகும். பின்னால் வரப்போகிற அரசு அலுவலக முறையின் விதை இங்கேயே இருக்கிறது.

பேரேட்டில் ஏறினால்தான் உத்தரவு

சோழர் காலத்து நிர்வாக எழுத்து இன்னொரு படி மேலே போனது. நாகப்பட்டினத்துச் சூடாமணிவர்ம விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரை முதலாம் ராஜராஜன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் கொடுத்தான். அந்தச் செய்தி இருப்பது லெய்டன் பெரிய செப்பேடுகளில். ஹாலந்து நாட்டு லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பேர். 21 ஏடுகளும் ஒரே வளையத்தில் கோத்து, வளையத்தில் அரச முத்திரை. நடுவில் ஒரு ஏட்டை உருவணும்னா வளையத்தை அறுக்கணும், அறுத்தா எல்லாருக்கும் தெரிஞ்சிடும்.

அந்தச் செப்பேட்டிலும் அதைப் போன்ற சோழர் சாசனங்களிலும் படிப்படியாக ஒரு பயணம் தெரிகிறது. அரசன் வாயால் சொல்கிறான், அது திருவாய்க்கேள்வி. அதைக் கேட்டு எழுதுகிறவர் திருமந்திர ஓலை. எழுதியது சரிதானா என்று பார்ப்பவர் திருமந்திர ஓலைநாயகம். அப்புறம் அது வரித்துறைக்கு, அதாவது புரவுவரித் திணைக்களத்துக்குப் போகிறது. அங்கே வரிப்பொத்தகம், முகவெட்டி, பட்டோலை என்று வரிசையாக ஆட்கள். கடைசியில் வரிக்கணக்கில் ஏறுகிறது.

ராஜா சொல்லிட்டார், அதோட முடிஞ்சுது என்று இல்லை. பேரேட்டில் ஏறியபிறகுதான் அந்த ஊரின் வரி உண்மையிலேயே கைமாறும். ஒவ்வொரு கையும் பேரோடு பதிவாகியிருப்பதால், எங்கே தப்பு நடந்தாலும் யாரைக் கேட்பது என்பது தெரியும். முதல் கேள்விக்கு, வந்தது வந்ததாகப் பதிவாகியிருக்கா என்பதற்கு, ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இப்படி ஒரு பதில் இருந்திருக்கிறது.

கணக்குப்பிள்ளை பெட்டி

அரண்மனையில் நடந்தது ஒன்று, கிராமத்தில் நடந்தது வேறொன்று. ஊர்க் கணக்கு வெகுகாலம் ஒரு வீட்டில் இருந்தது. கணக்குப்பிள்ளை அல்லது கர்ணம் வீடு. தரையில் உட்கார்ந்து எழுதும்படி சாய்வான மூடி போட்ட மரப்பெட்டியைப் பழைய வீடுகளில் பார்த்திருப்பீர்கள். மூடியே மேசை, உள்ளே கணக்கு. 19ஆம் நூற்றாண்டில் ஓலை போய்த் தாள் வந்தது, ஆனா பெட்டி அப்படியே இருந்தது.

அந்தப் பெட்டி ஒழுங்காக இருந்ததா? இருந்தது. கர்ணத்தைக் கேட்டால் எந்தப் புல எண் யார் அனுபவத்தில் இருக்கு, போன வருஷம் என்ன பயிர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவார். சிக்கல் என்னவென்றால் அந்த ஒழுங்கு அவருக்கு மட்டுமே தெரியும். அப்பாவுக்குப் பின் மகன் என்று வேலை பரம்பரையாக வந்ததால் ஒழுங்கும் பரம்பரைச் சொத்தாகிவிட்டது. அவர் மனசு வெச்சா அடங்கல் நகல் கிடைக்கும், இல்லேன்னா "தேடணும், அப்புறம் வா." தன் நிலம் தன் பேரில் எழுதியிருக்கிறதா என்று பார்க்க ஒரு குடியானவன் இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் நிற்க வேண்டியிருந்தது.

இதை வெளியே கொண்டுவர அரசு வைத்த வழி ஜமாபந்தி. வருவாய்த்துறைக்குப் பசலி என்று தனி ஆண்டு உண்டு, ஜூலை 1இல் தொடங்கும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434ஆம் பசலி. பசலி முடிவதை ஒட்டி ஊர்க் கணக்கு முழுவதையும் வட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோய் மேலதிகாரி முன்னால் தணிக்கைக்கு வைக்கணும். ஒரு வருஷத்துக்கு ஒரு நாளாவது பெட்டி திறந்தே ஆகணும். அதுவரை ஏனோதானோ என்று கிடந்த கணக்கெல்லாம் ஜமாபந்திக்கு முன்வாரம் எழுதி முடிவதும் ஊரறிஞ்ச விஷயம்தான்.

பெட்டியையே மாற்றியது 1980 நவம்பர் 14இல் வந்த அவசரச் சட்டம். எம்.ஜி.ஆர். அரசு கிராம அதிகாரிப் பதவிகளை ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982இல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. பரம்பரைக் கர்ணத்துக்குப் பதில் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர் வந்தார். இதைச் சாதி, பரம்பரை, அரசியல் என்று பல கோணத்தில் பேசுவார்கள், எல்லாம் நியாயம்தான். மேசையின் கோணத்தில் பார்த்தால் நடந்தது இது: ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருந்த ஒழுங்கு, மாற்றலாகிப் போகிற ஒருவரின் அலுவலகத்துக்கு வந்தது. மாற்றலாகிப் போகிறவர் எதையும் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி வைத்துவிட்டுத்தான் போகணும்.

டாட்டன்ஹாம் முறை

அடுத்தவருக்குப் புரிகிற மாதிரி வைப்பதற்கு ஒரு முறை, மாவட்ட அலுவலகங்களில் அதற்கு வெகுமுன்பே இருந்தது. சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ஐ.சி.எஸ். அதிகாரி அலெக்சாண்டர் லாஃப்டஸ் டாட்டன்ஹாம் பேரால் அதை டாட்டன்ஹாம் முறை என்பார்கள். இவர் பின்னாளில், 1934 முதல் 1946இல் இறக்கும் வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் நிர்வாகப் பொறுப்பில் இருந்தவர். மாவட்ட அலுவலக நடைமுறை நூலின் அடிப்படை இந்த முறைதான். தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் அரசு எழுத்தர்கள் இன்றைக்கும் பரீட்சைக்குப் படிப்பது இதைத்தான்.

முறை எளிமையானது. தபால் வந்ததும் தேதி முத்திரை. பகிர்மானப் பதிவேட்டில் பதிந்து எந்த எழுத்தருக்குப் போகணுமோ அவருக்குப் போகும். அவர் தன்னுடைய தன்பதிவேட்டில் ஏற்றுவார். எந்தத் தேதியில் வந்தது, யாரிடமிருந்து, எதைப் பற்றி, அதில் என்ன நடவடிக்கை எப்போது எடுத்தார் என்று எல்லாம் அந்த ஒரே பதிவில் இருக்கும். பிரிவுக்கும் இருக்கைக்கும் ஒரு குறி உண்டு: அ1, அ2, ஆ3 என்கிற மாதிரி. அரசுக் கடிதத்தின் தலையில் "ந.க. எண்" என்று தொடங்கி அ3, ஒரு எண், ஆண்டு என்று இருக்குமே, அதைப் பார்த்தாலே தாள் எந்த மேசையில் இருக்குன்னு தெரிஞ்சிடும். எழுத்தர் பேர் அதில் கிடையாது. ஆள் மாறினாலும் மேசை மாறாது.

தன்பதிவேடு எழுத்தரிடமே தூங்கக் கூடாது. குறிப்பிட்ட நாளில் கண்காணிப்பாளர் பார்க்கணும், அதற்கு மேல் அலுவலகத் தலைவர் பார்க்கணும். மாதாமாதம் நிலுவைப் பட்டியல் எடுக்கணும். அதாவது மேசையில் எத்தனை தாள் குவிந்து கிடக்கிறது என்பதை மேசையைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தே சொல்லலாம்.

நடவடிக்கை முடிந்ததும்தான் இந்த முறையின் உயிரான இடம் வருகிறது. முடிந்த கோப்பைச் சும்மா கட்டி மேலே போட முடியாது. அதற்கு வயது குறிக்கணும். நி.மு. என்று முடித்தால் நிரந்தரமாக வைக்கணும். ப.மு. என்றால் 10 ஆண்டு. மூ.மு. என்றால் 3 ஆண்டு. ஓ.மு. என்றால் ஓராண்டு. ஆங்கிலத்தில் ஆர்.டிஸ்., டி.டிஸ்., கே.டிஸ்., எல்.டிஸ். என்று பழைய ஆட்கள் சொல்வது இவைதான். மூலத் தாளையே திருப்பி அனுப்பிவிட்டால் என்.டிஸ்., கையில் எதுவும் மிஞ்சாது. முடிந்த கோப்பு பதிவறைக்குப் போகும், வயது தீர்ந்ததும் பட்டியல் போட்டு, அனுமதி வாங்கி அழிப்பார்கள்.

எனக்குத் தெரிந்து மேசை ஒழுங்கு பற்றிய யோசனைகளில் இதுதான் ரொம்ப ஆழமானது. ஒரு தாளை எப்போது தூக்கிப் போடுவது என்ற முடிவை, அந்தத் தாள் நன்றாக நினைவில் இருக்கும்போதே, அதைக் கையாண்ட ஆளே எடுக்கணும். பத்து வருஷம் கழித்து ஒரு குவியலின் முன்னால் நின்று "இது வேணுமா வேணாமா" என்று யாரும் திணற வேண்டாம்.

உலகத்தில் மற்ற இடங்களிலும் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவில் லெஃபிங்வெல் என்பவர் 1917இல் தொழிற்சாலை நிர்வாக முறையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்து ஒரு நூல் எழுதினார். கை அசைவு, நேரம், மேசை அமைப்பு எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தார். ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 5எஸ் முறையில் முதல் எஸ், வேண்டாததைப் பிரித்து விலக்குவது. அடுக்குவது அதுக்கு அப்புறம்தான். 1993இல் ஜப்பானியப் பொருளியலாளர் நொகுச்சி யுகியோ, வகைபிரிக்கிற வேலையே வேண்டாம் என்றார். எல்லாத்தையும் உறையில் போட்டு வரிசையாக நிறுத்து, எடுத்ததைத் திரும்ப ஒரு ஓரத்தில் வை. தொடாத உறைகள் தானாக மறு ஓரத்துக்குத் தள்ளப்படும், அவற்றைக் கழிக்கலாம். அழகான யோசனை. ஆனா அது ஒற்றை ஆளின் மேசைக்கு. நூறு பேர் வேலை பார்க்கிற, ஐந்து வருஷத்தில் முக்கால்வாசிப் பேர் மாற்றலாகிப் போகிற கலெக்டர் ஆபீசுக்குச் சரிப்படாது.

குறையும் இருக்கு

டாட்டன்ஹாம் முறையைப் புகழ்ந்துகொண்டே போனால் அரசு அலுவலகத்தில் காத்துக் கிடந்தவர்கள் என்னை அடிக்க வருவார்கள். பதிவேடு பளிச்சென்று இருக்கும், வேலை நகராது. "மேல்நடவடிக்கைக்காக", "அறிக்கை கோரி" என்று தாளை அடுத்த அலுவலகத்துக்குத் தள்ளிவிட்டால் பதிவேட்டில் அது நடவடிக்கைதான். சிவப்பு நாடா என்ற வசவு சும்மா வரவில்லை.

ஆனால் இதே முறை குடிமக்கள் கையில் ஒரு பிடியையும் கொடுத்தது. பெண்ணாடத்திலிருந்து திட்டக்குடிக்கோ கடலூருக்கோ மனுவோடு போகிறவரிடம் ந.க. எண் இருந்தால் "அப்படி ஒண்ணு வரவே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது. கர்ணம் வீட்டுத் திண்ணைக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த எண்தான். 2005இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டம் இதை இன்னும் அழுத்தமாகச் சொன்னது. கேள்வி கேட்கிற உரிமையைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதன் 4ஆம் பிரிவின் முதல் வாசகத்தைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்களைப் பட்டியலிட்டு, அட்டவணைப்படுத்தி முறையாகப் பராமரிக்கணும் என்கிறது. மேசை ஒழுங்கு சட்டக் கடமை ஆகிவிட்டது.

தப்பான வயது

இனி மூன்றாவது கேள்வியின் இருட்டுப் பக்கம். தாளுக்குத் தப்பான வயது குறித்தால் என்ன ஆகும்?

உ.வே. சாமிநாதையர் சுவடி தேடிப் போன கதைகளில் மனசை உலுக்குவது கரிவலம்வந்தநல்லூர்க் கதை. வரகுணராம பாண்டியர் சேர்த்து வைத்திருந்த ஏடுகள் அந்தக் கோயிலில் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனார். பழுதான ஏடுகளை நெய்யில் தோய்த்து ஓமம் செய்யணும் என்று ஆகமம் சொல்வதாக நம்பி அவற்றை நெருப்பில் இட்டுவிட்டதாக அங்கே பதில் வந்தது. செய்தவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, குப்பையைக் கூட மரியாதையாகத்தான் கழித்திருக்கிறார்கள். ஆனால் எந்த ஏட்டில் என்ன இருந்தது, இன்னொரு படி எங்காவது உண்டா என்று கேட்க யாருமில்லை. ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்ட ஏடுகளும் இந்தக் கணக்கில்தான் சேரும்.

நம் தட்பவெப்பத்தில் ஓலை சில நூற்றாண்டுதான் தாங்கும். அதற்குள் யாராவது படியெடுத்தால் நூல் பிழைக்கும், இல்லாவிட்டால் பூச்சிக்குப் போகும். அதாவது எல்லா ஏட்டுக்கும் ஒரு வயது இருந்தது, ஆனா அதை யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. முடிவு செய்யாமல் விட்டதே முடிவாகிப் போனது.

தாள் காலத்திலும் இந்த ஆபத்து தீரவில்லை. 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தை, அதாவது யு.டி.ஆரை, தமிழ்நாட்டுக் கிராமங்களில் தெரியாதவர் இல்லை. "யு.டி.ஆர்.ல பேர் மாறி ஏறிடுச்சு" என்று புலம்பாத ஊரும் குறைவு. அந்தப் பிழையைத் திருத்த என்ன வேணும்? அதற்கு முந்தைய பதிவேடு வேணும். அந்தப் பழைய புத்தகம் பதிவறையில் கிழியாமல், கரையானுக்குப் போகாமல் இருந்தால் ஒரு குடும்பத்துக்கு நிலம் திரும்பும். இல்லாவிட்டால் நீதிமன்றம், வருஷக்கணக்கில். நிரந்தரம் என்று யாரோ ஒரு எழுத்தர் எப்போதோ குறித்து, அடுத்து வந்தவர்கள் அதை மதித்து வைத்திருந்ததில் ஒருவரின் ஒரு ஏக்கர் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்த எழுத்தருக்கு இந்தக் குடும்பத்தைத் தெரியாது, இவர்களுக்கும் அவரைத் தெரியாது.

நம்ம மேசைக்கு

அரசு அலுவலக முறை முழுவதையும் வீட்டு மேசைக்குக் கொண்டுவந்தால் பைத்தியம் பிடிச்சிடும். எடுத்துக்கொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

ஒரு நோட்டு. முக்கியமான தாள் வந்தால் தேதி போட்டு ஒரு வரி, எங்கே வெச்சிருக்கு என்று இன்னொரு வரி. அதுதான் உங்கள் தன்பதிவேடு. தாளை உள்ளே வைக்கும்போதே பென்சிலால் மேல் ஓரத்தில் அதன் வயது: கரண்ட் பில்லுக்கு ஒரு வருஷம், வரிக் கணக்குத் தாளுக்குப் பத்து, பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் சான்றிதழுக்கும் நிரந்தரம். வருஷத்துக்கு ஒரு நாள் ஜமாபந்தி, வயது தீர்ந்ததைக் கழிக்க. ஜூலை 1ஐயே வைத்துக்கொள்ளலாம், பசலிப் புத்தாண்டு. அன்றைக்கு வீட்டில் இன்னொருவர் கூட உட்காரணும். எது எங்கே இருக்குன்னு உங்களுக்கு மட்டும் தெரிந்தால் நீங்களும் பழைய கர்ணம்தான், மேசை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

பழைய கணக்குப்பிள்ளை பெட்டி யார் வீட்டிலாவது பரண் மேலே கிடந்தால், அதை விற்கிறதுக்கு முன்னாடி மூடியைத் திறந்து உள்ளே இருக்கிற தாள்களை ஒருமுறை வெயில் படாத இடத்தில் பிரித்துப் பாருங்கள். பெட்டிக்கு விலை சொல்ல ஆள் இருக்கு. தாளுக்கு என்ன வயது என்று நீங்கதான் முடிவு பண்ணணும்.